உயிலில் வந்த பாலைவன ஓவியம்: 900 டாலருக்குக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: அரிசோனாவில் ஸ்காட்ஸ்டேலில் இருக்கிறோம். போன வருடம் காலமான பக்கத்து வீட்டுப் பாட்டி, தன் ஹாலில் மாட்டியிருந்த பாலைவன ஆயில் பெயின்டிங்கை உயிலில் எனக்கு எழுதி வைத்திருந்தார். மூலையில் 'பால் கிரிம்' என்ற கையெழுத்து. பின்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறது. ஒரு கடைக்காரர் 900 டாலர் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? ஓர் ஓரத்தை ஈரத்துணியால் துடைத்தேன், பழுப்பு போய் நீலம் தெரிகிறது. முழுக்கத் துடைக்கலாமா?

பதில்: முதலில் அந்தத் துணியைக் கீழே வையுங்கள். பழுப்பு வெறும் புகையா, பழைய வார்னிஷா, ஓவியர் கடைசியாகப் பூசிய மெல்லிய வண்ணமா என்று நம் கண்ணுக்குத் தெரியாது. மலையின் ஊதா நிழல் துணியோடு வந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. சுத்தம் செய்ய வேண்டுமா என்பதை மதிப்பீடு முடிந்த பிறகு பார்க்கலாம்.

பால் கிரிம் 1930களில் கலிபோர்னியாவின் பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸில் குடியேறி, 1974-ல் இறக்கும் வரை அந்தப் பாலைவனத்தையே வரைந்துகொண்டிருந்தவர். நிறைய வரைந்ததால் அவருடைய படங்கள் அடிக்கடி ஏலத்துக்கு வருகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க அது வசதி. அளவு, நிலை, காட்சியைப் பொறுத்து சில நூறு டாலருக்கும் போகும், சில ஆயிரத்துக்கும் போகும். இணையத்தில் கடைக்காரர்கள் போட்டிருப்பது அவர்கள் கேட்கிற விலை. ஏலத்தில் விற்று முடிந்த விலையைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். பென்சில் எழுத்து, பழைய கேலரி லேபிள், ஃபிரேம் கடையின் முத்திரை எதையும் உரிக்காதீர்கள். கையெழுத்து பிறகு சேர்க்கப்பட்டதா என்று மதிப்பீட்டாளர் புற ஊதா விளக்கில் பார்ப்பார். வார்னிஷுக்கு மேலே போட்ட கையெழுத்து அந்த வெளிச்சத்தில் தனித்துத் தெரியும்.

இனி பணம். ஒரே படத்துக்கு இரண்டு மதிப்பு உண்டு. இன்ஷூரன்ஸுக்கு, அதே மாதிரிப் படத்தைக் கடையில் வாங்க ஆகும் தொகை. இது அதிகமாக இருக்கும். வரிக்கு, சந்தையில் உண்மையாக விற்கக்கூடிய விலை. உங்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம். பாட்டி எவ்வளவுக்கு வாங்கியிருந்தாலும் சரி, அவர் இறந்த நாளின் சந்தை மதிப்புதான் பொதுவாக உங்கள் அடக்க விலை, அதாவது லாபத்தைக் கணக்கிட நீங்கள் வாங்கியதாக வைத்துக்கொள்ளும் விலை. அதற்கு மேல் கிடைக்கும் லாபத்துக்குத்தான் வரி. கலைப்பொருளுக்கு மத்திய அரசின் வரி அதிகபட்சம் 28 சதவீதம். அவர் உயிரோடு இருக்கும்போதே பரிசாகத் தந்திருந்தால் அவர் வாங்கிய விலையையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் உயிலின் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

எழுத்து மூல மதிப்பீட்டுக்கே சில நூறு டாலர் ஆகலாம். அதனால் முதலில் போட்டோக்களை பான்ஹாம்ஸ், ஜான் மோரன் மாதிரி கலிபோர்னியா ஓவியங்களை விற்கும் ஏல நிறுவனங்களுக்கு அனுப்பி உத்தேச விலை கேளுங்கள். தொகை பெரிதாக வந்தால் 'யூஸ்பாப்' (USPAP) என்ற, அமெரிக்க மதிப்பீட்டாளர்களுக்கான தொழில் விதிகளின்படி எழுதித் தரும் மதிப்பீட்டாளரிடம் போங்கள். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவரும், 'நானே வாங்கிக்கொள்கிறேன்' என்பவரும் வேண்டாம்.

அந்தக் கடைக்காரர் சொன்ன 900 நியாயமான விலையாகவும் இருக்கலாம். ஏலத்தில் கமிஷன், அனுப்பும் செலவெல்லாம் போக உங்கள் கைக்கு என்ன வரும் என்று கேட்டு, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை படத்தை வெயில் படாத சுவரில் மாட்டி வையுங்கள்.