மனையை விற்கும் முன் மகளை ஒரு பருவம் ஏரிக்கரைக்கு அனுப்புங்கள்

திண்டிவனத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் இரண்டாம் முறையாக நீட் எழுதித் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டாள். ஆனால் அரசு இடம் கிடைக்கிற மதிப்பெண் இல்லை. பெரியப்பா வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் முகவரைக் கையோடு வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். மாமா, "இன்னும் ஒரு வருஷம் கோச்சிங்கில் போட்டால் வாங்கிவிடுவாள்" என்கிறார். அப்பா, இருக்கிற ஒரே மனைக்கு விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பெண்ணோ "எனக்கு வைல்டுலைஃப் படிக்கணும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். நீண்ட கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் போய் நிற்கிறாள், என்ன பறவை வந்தது என்று நோட்டில் எழுதுகிறாள், இது நல்லதுக்கா என்று தெரியவில்லை."

அம்மா, நான் பதில் சொல்ல நினைப்பது அந்தக் கடைசி வரிக்குத்தான். அதற்கு முன் மனை விஷயத்தை முடித்துவிடுவோம்.

விற்காதீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் பிள்ளை இங்கே தனியாக ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். அண்மை ஆண்டுகளில் அதில் தேறுகிறவர்களைவிடத் தவறுகிறவர்களே அதிகம். முகவர் காட்டும் வண்ணத்தாளில் இது கடைசிப் பக்கத்தில்கூட இருக்காது. கல்விக் கட்டணம் மட்டும் சொல்வார், விடுதி, விமானம், விசா, ஆறாண்டில் மாறும் டாலர் மதிப்பு எல்லாம் பிறகு வரும். டாக்டராக வேண்டும் என்று துடிக்கிற பெண்ணாக இருந்தால் இதையெல்லாம் உட்கார்ந்து எடைபோடலாம். உங்கள் கடிதத்தில் பெரியப்பா துடிக்கிறார், மாமா துடிக்கிறார், பெண் துடித்ததாக ஒரு இடத்திலும் இல்லை. அவர்களில் யாராவது கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்களா என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது முறை நீட் என்பதும் வேண்டாம். அவள் கேட்டால் அது வேறு. கேட்கவில்லை.

அதற்காக "வைல்டுலைஃப்" என்றதும் உடனே ஏதாவது ஒரு தனியார் கல்லூரியில் கவர்ச்சியான பெயர் கொண்ட படிப்பில் சேர்த்துவிடாதீர்கள். பத்தொன்பது வயதில் காட்டின் மேல் வருகிற ஆசையில் பாதி, கைப்பேசியில் பார்த்த புலியால் வருவது. மீதிப் பாதியைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நோட்டும் போதும். பெரும்பாலான குடும்பங்கள் அதைப் படிப்போடு சேர்த்து யோசிப்பதே இல்லை. அதுதான் தன்னார்வப் பணி. அருகிலிருக்கும் அரசுக் கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ சேர்த்துவிட்டு, அதன் கூடவே ஒரு முழுப் பருவம் அவள் இதைச் செய்யட்டும்.

நீங்கள் இருக்கும் இடத்தின் அருமை உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். மரக்காணம் பக்கம் இருக்கும் கழுவெளி ஈரநிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வடக்கே போனால் வேடந்தாங்கல். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டு, கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே, 1798-இல், எழுத்து மூலம் உத்தரவு வாங்கிய ஏரி அது. தெற்கே புதுச்சேரி எல்லையில் ஊசுடு ஏரி. தமிழ்நாட்டில் இப்போது 20 ராம்சர் ஈரநிலங்கள் இருக்கின்றன, இந்தியாவில் வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. டேராடூன் வனவிலங்கு நிறுவனத்தில் இந்தத் துறையைப் படிக்கிற பிள்ளைகள் ரயிலேறி வந்து பார்க்க வேண்டியதை உங்கள் மகள் சைக்கிளில் போய்ப் பார்க்கிறாள்.

என்ன வேலை செய்வாள் என்று கேட்பீர்கள். பறவைகளிலிருந்தே ஆரம்பிக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பி, வலசைப் பறவைகள் வந்து இறங்கிய பிறகு, வனத்துறை மாநிலம் முழுக்க ஈரநிலப் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறது. வனப் பணியாளர், பழகிய பறவை நோக்கர், கல்லூரி மாணவர்கள் என்று சிறு குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு நீர்நிலையைக் கொடுத்துவிடுவார்கள். மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டால் அந்த ஆண்டுக்கான தேதி தெரியும், நாளிதழிலும் அறிவிப்பு வரும். இது தவிர ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. இதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். குறைந்தது கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்த எல்லாப் பறவைகளையும் எண்ணி, இ-பேர்டு என்ற செயலியில் பதிந்தால் போதும். உங்கள் வீட்டு மாடியிலிருந்தேகூடச் செய்யலாம், நீங்களும் ஒருநாள் கூட நில்லுங்கள்.

எண்ணுவது என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதில்லை. ஆயிரம் ஊசிவால் வாத்து நீரில் அசைந்துகொண்டிருக்கும்போது அது நடக்காது. முதலில் பத்துப் பறவையை ஒழுங்காக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அதே அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பெரிய கூட்டமென்றால் நூறு நூறாக. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, எழுதிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் சொன்ன எண்ணுக்குத் தன் எண்ணை நெருக்கிக்கொண்டு போகிற பழக்கம் முதல் நாளே எல்லோருக்கும் வரும், அதை உடைப்பதுதான் பயிற்சி. நடுவில் ஒரு பருந்து வந்து மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டால், உட்காரும் வரை காத்திருந்து மறுபடி முதலிலிருந்து. உள்ளான் என்கிற கரைப்பறவைகளில் பல வகை உண்டு; தெரியாத உள்ளானைத் தெரிந்த பெயரில் எழுதிவைக்கக் கூடாது, "அடையாளம் தெரியாத உள்ளான்" என்றே எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கு மதிப்பெண் கொடுக்கும் பாடம் நம் பள்ளியில் எங்கே இருக்கிறது?

இந்த இரண்டு கணக்கெடுப்பும் வருடத்தில் சில நாட்கள்தான். உண்மையான பயன், ஒரே ஏரிக்கு, ஒரே நேரத்தில், வாராவாரம் போவதில் இருக்கிறது. முதல் மாதம் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும்தான் கண்ணில் படும், பெரிய பறவைகள் அல்லவா. மூன்றாம் மாதம் நத்தைக்குத்தி நாரை எந்த ஆழத்தில் நின்று மேய்கிறது, நெடுங்கால் உள்ளான் எந்த ஆழத்தில் என்று தெரிய ஆரம்பிக்கும். அப்போதுதான், மதகைத் திறந்து நீர்மட்டம் ஒரு முழம் இறங்கினால் யார் போவார்கள், யார் வருவார்கள் என்பது புரியும். ஈரநிலத்தைப் பராமரிப்பவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்கிற கேள்வியே இதுதான். பைனாகுலர் இப்போதே வாங்கிக் கொடுக்காதீர்கள். குழுவில் ஒருவரிடம் கேட்டால் கொடுப்பார். வாங்கும் நாள் வந்தால் 8 மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பும் உள்ளது போதும். அதிக உருப்பெருக்கம் நல்லது என்று கடைக்காரர் சொல்வார், கையில் பிடித்தால் பார்வை ஆடும்.

அடுத்தது கடற்கரை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிட நம் கரைக்கு வரும். சென்னையில் மாணவர்களே சேர்ந்து தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு நடை போகிறது. கடலூர்ப் பக்கமும் வனத்துறை முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்க வைக்கும் பொரிப்பகம் அமைக்கிறது. நள்ளிரவில் மணலில் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும், பல இரவு ஒன்றும் கிடைக்காது. தடம் தென்பட்டால் கம்பியால் மணலை மெல்லக் குத்திப் பார்த்துக் கூட்டைக் கண்டுபிடித்து, நூறுக்கு மேல் இருக்கும் முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்துக்கு மாற்றி, தாய் ஆமை தோண்டியது போலவே குடுவை வடிவில் குழி தோண்டிப் புதைப்பார்கள். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண். ஆகவே நிழல்வலை கட்டுவதும் வெப்பமானியைப் பார்த்து எழுதுவதும்கூட வேலைதான். ஏறக்குறைய ஐம்பது நாள் கழித்துக் குஞ்சுகள் வெளியே வந்தால் கடலை நோக்கி விடுவார்கள், தெருவிளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று எண்ணி ரோட்டுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். செத்து ஒதுங்கும் ஆமைகளை அளந்து எழுதுவதும் இதில் சேரும். அந்த நாற்றத்தைத் தாங்கி அளவெடுத்துவிட்டு, மறுநாள் இரவும் வருகிற பிள்ளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இந்தத் துறையைச் சொல்வேன்.

குப்பை அள்ளுவது, ஆகாயத்தாமரை இழுப்பது, பள்ளிப் பிள்ளைகளைச் சரணாலயத்தில் அழைத்துப் போய்க் காட்டுவது என்று மற்ற வேலைகளும் உண்டு. சீமைக் கருவேலம் வெட்டுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். எல்லோருக்கும் அரிவாளைத் தூக்க ஆசை, ஆனால் சில ஏரிகளில் நாரைகள் அந்த முள் மரத்தில்தான் கூடு கட்டியிருக்கும். எதை, எப்போது என்பதை வனத்துறை சொல்ல வேண்டும். அதேபோல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது, ஆமை முட்டையைத் தானாகத் தொடவும் கூடாது. கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்துப் போடுகிற கூட்டத்தோடு சேராமலிருந்தால் போதும்.

பெண்பிள்ளை தனியாக ஏரிக்கரையில் என்று நீங்கள் கேட்காமலே கேட்கிறீர்கள். தனியாக வேண்டாம். குழுவோடு போகட்டும், யார் யார் வருகிறார்கள், பொறுப்பாளர் எண் என்ன என்பதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் அப்பா கூடப் போகட்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு மகள் தானாக எழுந்து கிளம்புவதை அவர் நேரில் பார்க்கட்டும், நான் சொல்வதைவிட அது அவருக்கு அதிகம் சொல்லும்.

பணத்தில் இன்னொரு எச்சரிக்கை. தன்னார்வப் பணிக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்டு, ஒரு வாரத்தில் சான்றிதழ் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். யானையைக் குளிப்பாட்டிப் படம் எடுத்துக்கொள்வது சுற்றுலா. வந்துபோகிற செலவு, சாப்பாடு, இவை தவிர ஒரு ரூபாய்கூட இதில் போக வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழை இந்தத் துறையில் யாரும் பொருட்படுத்துவதுமில்லை. ஒரே ஏரிக்கு ஒரு வருடம் போய் எழுதிய தேதியிட்ட பட்டியல்களை எடுத்து வைத்தால் நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு நடக்கும்.

"பறவை பார்த்தால் சோறு போடுமா?" என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. உடனே போடாது. ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டு ஆய்வுத் திட்டங்களில், சுமாரான சம்பளத்தில்தான் கிடைக்கும். அதை அவளிடமும் மறைக்காதீர்கள். ஆனால் விலங்கியல் பட்டம் இருந்தால் இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம், வனச்சரகர் போன்ற மாநிலப் பணிகளுக்கும் முயலலாம். மேற்படிப்புக்கு மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் நுழைவுத் தேர்வு வைத்துச் சிலரைத்தான் எடுக்கும். எதற்குப் போனாலும் புள்ளியியல் வேண்டும். கணக்குக்குப் பயந்து காட்டுக்குப் போகிறேன் என்றால் நடக்காது, இதை அவளிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அடுத்த கோடை வரை பொறுங்கள். ஜனவரியில் எல்லோரும் வருவார்கள், ஏரி நிறையப் பறவை இருக்கும். மே மாதம் தரை வெடித்துக் கிடக்கும்போது நாலு ஆள்காட்டிதான் கத்திக்கொண்டிருக்கும். அப்போதும் நோட்டை எடுத்துக்கொண்டு போய் "ஆள்காட்டி 4" என்று எழுதிவிட்டு வருகிறாளா என்று கவனியுங்கள். போகிறாள் என்றால் மேற்படிப்புக்கு விண்ணப்பம் வாங்குவது பற்றிப் பேசலாம். பிப்ரவரியிலேயே சலித்துவிட்டது என்றால் அதிலும் நஷ்டமில்லை, கையில் ஓர் இளங்கலைப் பட்டம் நடந்துகொண்டிருக்கும், ஆசிரியப் பணியோ ஆய்வகமோ வேறு எதுவோ யோசிக்க நேரம் இருக்கும்.

இப்போதைக்குக் கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதீர்கள், முகவரிடம் முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.