எரிந்த பவர்பேங்கைக் கடையில் கொடுத்துவிடலாமா?

கேள்வி: 14 மாதத்துக்கு முன் காரைக்குடியில் ஒரு பவர்பேங்க் வாங்கினேன். போன மாதம் பட்டாலையில் சார்ஜ் போட்டிருந்தபோது உப்பி, தீப்பிடித்துவிட்டது. பக்கத்தில் படுத்திருந்த அப்பத்தாவுக்குக் கையில் தீக்காயம். தேக்குக் கதவும் கருகிப்போனது. "வாரண்டி ஒரு வருஷம்தான். வேற சார்ஜர் போட்டது உங்க தப்பு. பொருளைக் கொடுங்க, கம்பெனிக்கு அனுப்பிப் பாக்குறோம்" என்கிறார் கடைக்காரர். கொடுக்கட்டுமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் வழக்கே அந்தக் கரிக்கட்டைதான். அது கம்பெனிக்குப் போய்விட்டால், பிறகு அவர்கள் எழுதுவதுதான் அறிக்கை.

வாரண்டி என்பது பழுது பார்த்துத் தருவதற்கான கெடு. ஆள் காயம்பட்டதற்கு அது கெடு அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 84-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்து தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு. தவறான பயன்பாடு பற்றிப் போதிய எச்சரிக்கை தராததும் அதில் அடங்கும். சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்.

சார்ஜர் கதைக்கு வருவோம். பெரும்பாலான பவர்பேங்க் பெட்டிகளில் வெறும் கேபிள்தான் வரும். உங்களுடையதும் அப்படியென்றால், எந்தச் சார்ஜரை "வேறு" என்கிறார்? பெட்டியையும் குறிப்புத் தாளையும் தேடி எடுங்கள். பவர்பேங்கில் உள்ள லித்தியம் பேட்டரி செல்லுக்குள் இரு மின்முனைகளைப் பிரிக்கும் மெல்லிய படலம் பழுதானால், சரியான சார்ஜரிலும் தீப்பிடிக்கும். 2016-இல் சாம்சங் நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்றபோது, குறை பேட்டரியில்தான் என்று பின்னர் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆனால் தீப்பிடிக்கும் முன்பே யாரிடமாவது கொடுத்துப் பிரித்துப் பார்த்திருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ விற்றவர் மீது வழக்கு நிற்காது என்னும் 87-ஆம் பிரிவைக் காட்டிக் கடைக்காரர் கழன்றுகொள்வார்.

பில் உங்கள் பெயரில், காயம் அப்பத்தாவுக்கு என்று தயங்க வேண்டாம். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே. அப்பத்தா அதைப் பயன்படுத்தவே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டாலும், தீங்குக்கான இழப்பீட்டை அப்பத்தா பெயரில் கேட்டுப் பார்க்கலாம். ஒரு நுணுக்கம்: சட்டம் சொல்லும் "தீங்கு" என்பதில் மருத்துவச் செலவும் கதவும் சேரும், எரிந்த பவர்பேங்கின் விலை சேராது. அதைக் குறைபாடுள்ள பொருள் என்று தனிக் கோரிக்கையாக எழுதுங்கள்.

புகாரைச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் போதும். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே கேளுங்கள். அந்தச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டி வரலாம்.

அதுவரை படம் எடுத்துவிட்டு, மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே மழை படாத இடத்தில் வையுங்கள். எரிந்த செல் மறுபடியும் பற்றக்கூடும்.