குரூப் போட்டா கூச்சல்தான் மிஞ்சுதா?

கேள்வி: எட்டாங்கிளாஸுக்கு இங்கிலீஷ் எடுக்கேன், 40 பிள்ளைங்க. டிரெய்னிங்ல சொன்னாங்கன்னு ஆறு ஆறு பேரா குரூப் போட்டு 'டிஸ்கஸ் பண்ணுங்க'ன்னு விட்டா நல்லாப் படிக்கிற ஒருத்தி எல்லாத்தையும் எழுதி முடிச்சிருதா, மத்ததுங்க ஊர்க்கதை பேசுதுங்க, சத்தம் கேட்டு எச்செம் வாசல்ல வந்து நிக்காங்க. பேசாம பழையபடி போர்டுல எழுதிப் போட்டுரட்டுமா?
- ஓர் ஆசிரியை, அம்பாசமுத்திரம் பக்கம்

பதில்: வேண்டாம் டீச்சர், குடுக்குற வேலையத்தான் மாத்தணும். எல்லார் கையிலயும் ஒரே பாடம், ஒரே கேள்வி, பதில் தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா, மத்தவங்க எதுக்கு வாயத் திறக்கணும்? ஆளுக்கொரு துண்டு விஷயம் இருக்கணும், அது பக்கத்துல இருக்கவனுக்குத் தெரியக் கூடாது, கேட்டாத்தான் கிடைக்கும், அப்பதான் பேசுவாங்க.

நம்ம செங்கோட்டை பாசஞ்சரையே எடுத்துக்கோங்க. பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அப்புறம் உங்க ஊருன்னு எழுதி நேரத்தை நீங்களே போட்டுக்கோங்க. ஒருத்தன் தாள்ல பாதி ஸ்டேஷனுக்கு நேரம் இருக்கும், எதுத்தாப்புல இருக்கவன்கிட்ட மீதி. தாளைக் காட்டப்படாது, 'வென் டஸ் இட் ரீச் வீரவநல்லூர்?'னு கேட்டுத்தான் கட்டத்தை நிரப்பணும். முதல்ல ரெண்டு ரெண்டு பேரா மட்டும் பண்ணுங்க, முன் பெஞ்சு பின்னால திரும்பி உக்காந்தாப் போதும், பெஞ்சை இழுக்குற சத்தமே கிடையாது. கேள்வியும் பதிலும் இங்கிலீஷ்ல இருந்தாச் சரி, நடுவுல 'ஏல, உன் பேனாவக் குடு'ன்னு வந்தா வரட்டும். நடுவுல போய்த் திருத்தாதீங்க, தப்பையெல்லாம் குறிச்சு வச்சு கடைசில போர்டுல போடுங்க.

இது பழகினப்புறம் பாடத்தை நாலு துண்டாக்கி நாலு பேருக்குக் குடுத்து, அவனவன் படிச்சதை மத்த மூணு பேருக்குச் சொல்ல வைங்க. இதுக்கு ஜிக்ஸான்னு பேரு. 1971-ல அமெரிக்காவுல ஆஸ்டின் ஊர்ல எலியட் ஆரன்சன்னு ஒரு உளவியல்காரர் கொண்டு வந்தது, அங்க வெள்ளைக்காரப் பிள்ளைங்களையும் கறுப்பினப் பிள்ளைங்களையும் ஒரே கிளாஸ்ல சேத்தப்ப வந்த சண்டைக்கு மருந்தா. ஃபர்ஸ்ட் ரேங்க் பிள்ளையும் வாயே திறக்காத பையன் சொல்லுறதக் கேட்டுத்தான் ஆகணும், இல்லைன்னா அவளுக்குக் கால்வாசிப் பாடம் இல்லை.

எச்செம்மா? முந்தின நாளே சொல்லிருங்க. ஏபிஎல், அதான் செயல்வழிக் கற்றல், இருந்த காலத்துல நாலாங்கிளாஸ் வரைக்கும் பிள்ளைங்க தரையில வட்டமா உக்காந்து அட்டை வச்சுப் படிச்சப்ப வராத கோவம் இப்ப மட்டும் எதுக்கு வரணும்? வந்தா அவங்க கையிலயும் ஒரு தாளைக் குடுத்துருங்க.

கேள்வி: இதுல கிராமர் வருமா, பரீட்சைக்கு உதவுமா?
- அதே ஆசிரியை

பதில்: அந்த டிரெயின் கேள்வியிலயே 'டஸ்' வந்துட்டே! ஆனா லெட்டர் எழுதுறதெல்லாம் பிள்ளை தனியா உக்காந்து எழுதிப் பழகணும், அதுக்கு குரூப் போட்டு பீரியடை வீணாக்காதீங்க.