முதல் வருஷ விழாவும் தொப்பூர் இறக்கமும்

வணக்கம் அண்ணா,

நான் சேலத்தில் இருக்கிறேன். கிளாசிக் 350 ஓட்டுகிறேன். சமீபத்தில் கிருஷ்ணகிரி பக்கம் முதல் தடவையாக நடந்த பைக் திருவிழாவுக்கு நானும் என் தம்பியும் போயிருந்தோம். நீங்களும் வந்திருந்ததாக நண்பர் ஒருவர் சொன்னார். டிக்கெட் ஆளுக்கு 2,500 ரூபாய். படுக்கக் கூடாரம், இரண்டு வேளை சாப்பாடு, ஸ்டன்ட் ஷோ, இசை நிகழ்ச்சி எல்லாம் அதற்குள் என்றார்கள். நான்கு நாள் முன்னால் இடத்தை மாற்றிவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. போனால் வாசலிலேயே மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். மழை பெய்த கொல்லையில் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள், தம்பியின் வண்டி சாய்ந்து கிளட்ச் லீவர் உடைந்தது. ஸ்டன்ட் ஷோ நடக்கவில்லை. இரவு எட்டு மணிக்கே தண்ணீர் தீர்ந்துவிட்டது. எங்கள் கூடாரத்தில் ஏற்கெனவே நாலு பேர் படுத்திருந்தார்கள். ஒரு மணிக்குக் கிளம்பி வீட்டுக்கே வந்துவிட்டோம். தொப்பூர் இறக்கத்தில் எனக்குக் கண் சொக்கியது, பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி தோளில் தட்டி எழுப்பினான்.

நடத்தியவர்களுக்கு எழுதினேன். "முதல் வருஷம், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று பதில் வந்தது. எங்கள் கிளப் நண்பர்களும், "இப்படி ஆளாளுக்குக் குறை சொன்னா நம்ம ஊரில் இனிமேல் யாரும் பைக் விழா நடத்த மாட்டாங்க" என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா? அடுத்த வருஷம் போகலாமா?

கே., சேலம்

*

அன்புள்ள தம்பி,

ஆமாம், நானும் வந்திருந்தேன். நீங்கள் எழுதியதில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் டிக்கெட் பணம் முதலிலும் தொப்பூர் கடைசியிலும் வருகிறது. எனக்கு அது தலைகீழாகப் பட்டது. காலையில் எத்தனை மணிக்கு எழுந்து கிளம்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு மணி என்றே வைத்துக்கொண்டாலும், இரவு ஒரு மணிக்கு வண்டியை எடுக்கும்போது பத்தொன்பது மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். தொடர்ந்து 17 மணி நேரத்துக்கு மேல் தூங்காதவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் கவனத்துக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்தான். ஒரு சொட்டுகூடக் குடிக்காமலே நீங்கள் அந்த அளவைத் தாண்டிய நிலையில், தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில் லாரிகளுக்கு நடுவே வந்திருக்கிறீர்கள். அங்கே பிரேக் பிடிக்காமல் லாரி மோதிய செய்தி வராத வருஷம் கிடையாது. தம்பி தோளில் தட்டியிருக்காவிட்டால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது.

இதை உங்களைக் கடிந்துகொள்ளச் சொல்லவில்லை. கூடாரம் கிடைத்திருந்தால் நீங்கள் கிளம்பியிருக்க மாட்டீர்கள். அன்று இரவு பன்னிரண்டுக்கு மேல் வரிசையாக வண்டிகள் வெளியேறியதை நான் பார்த்தேன். பெங்களூருக்கும் வேலூருக்கும் சென்னைக்கும் போகிறவர்கள். சிலர் குடித்திருந்தார்கள். யாரும் யாரையும் நிறுத்தவில்லை.

மற்ற விழாக்களுக்கும் பைக் விழாவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கச்சேரி சொதப்பினால் கூட்டம் திட்டிக்கொண்டே பஸ் ஏறிவிடும். பைக் விழாவில் வந்த ஒவ்வொருவரும் இரண்டு சக்கரத்தில் திரும்பிப் போக வேண்டும். வாசலுக்குள்ளே கிடைக்காமல் போன தூக்கமும் தண்ணீரும் அவரோடு சாலைக்கு வருகின்றன. அதனால் முதல் வருஷத்தில் எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைக் கூடாது என்பதற்கு நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: அந்தக் குறை, வந்தவர் வீடு திரும்பும் பயணத்தைத் தொடுகிறதா? ஸ்டன்ட் ஷோ நடக்காதது எனக்கும் ஏமாற்றம்தான், ஆனால் அது போகட்டும். பாட்டு இரண்டு மணி நேரம் தாமதம், அதுவும் போகட்டும். டீ ஷர்ட் அளவு மாறி வந்தது, வாசலில் பெயர்ப் பட்டியல் கிடைக்காமல் தவித்தார்கள், இதெல்லாம் கைப்பழக்கத்தில் சரியாகிவிடும். வண்டி நிறுத்துமிடம், படுக்க இடம், தண்ணீர், கழிப்பறை, முதலுதவி ஆகியவற்றுக்கு முதல் வருஷம் என்ற சலுகையே கிடையாது.

வண்டி நிறுத்துமிடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கடலை பிடுங்கிய கொல்லை. கடலையைச் செடியோடு பிடுங்கும்போது மண் முழுக்கப் பொலபொலவென்று கிளறிவிடும். அதில் ஒரு மழை பெய்துவிட்டால் மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் களியாக இருக்கும். உங்கள் கிளாசிக் 350 எடை 195 கிலோ. சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் அதில் கணிசமான பங்கு தீப்பெட்டி அளவுள்ள ஒரு இரும்புத் தகட்டின் மேல் இறங்குகிறது. அரை மணி நேரத்தில் ஸ்டாண்டு புதைந்து ஒரு வண்டி சாயும், அது பக்கத்து வண்டியைச் சாய்க்கும். உங்கள் தம்பியின் வண்டி இருந்த வரிசையில் அப்படித்தான் நடந்தது. கார்புரேட்டர் உள்ள பழைய புல்லட்டுகள் சாய்ந்தால் பெட்ரோலும் கசியும். பக்கத்திலேயே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தீயணைப்பு சிலிண்டர் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஒரு லோடு பிளைவுட் துண்டுகளை வாங்கி வாசலிலேயே வண்டிக்கு ஒன்று கொடுத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. நீண்ட பயணம் போகிற எவரையும் கேட்டிருந்தால், ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக்கல்லோ நசுக்கிய டப்பாவோ வைக்க வேண்டும் என்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். யாரையும் கேட்கவில்லை.

இடத்தைக் கடைசி நேரத்தில் மாற்றியதைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் பாதித் தவறுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 1969 டிசம்பர் 6 அன்று கலிபோர்னியாவில் ஆல்டமான்ட் என்ற பந்தயத் திடலில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேடைக்கு முன்னால் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் கிளப்காரர்கள் காவலுக்கு நின்றார்கள், 18 வயது இளைஞர் ஒருவர் கத்திக்குத்தில் இறந்தார். எல்லோரும் சொல்வது இந்தக் கதையைத்தான், பழி முழுவதும் பைக்காரர்கள் மேல் விழும். அதற்கு முன்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். கச்சேரி வேறொரு பந்தயத் திடலில் நடப்பதாக இருந்தது. இரண்டு நாள்கூட இல்லாதபோது இடத்தை மாற்றினார்கள். முதல் இடத்தில் மேடை மேட்டின் உச்சியில் வருவதாக இருந்ததால் அதன் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதே மேடையை ஆல்டமான்டில் சரிவின் அடியில் போட்டார்கள். மூன்று லட்சம் பேர் மேலிருந்து அதை நோக்கி நெருக்கினார்கள். கழிப்பறையும் மருத்துவக் கூடாரமும் போதவில்லை. அன்று இறந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் இருவர் தரையில் இருந்தபோது கார் மோதி இறந்தார்கள், இன்னொருவர் வாய்க்காலில் மூழ்கிப் போனார். இந்த மூன்று சாவுகளுக்கும் கத்திக்கும் சம்பந்தமில்லை.

கிருஷ்ணகிரியில் கூடாரங்களை எங்கே அடித்திருந்தார்கள் என்று நினைவிருக்கிறதா? வண்டிகள் உள்ளே வரும் தடத்தை ஒட்டி. நடுவே ஒரு கயிறுகூட இல்லை, விளக்கும் இல்லை. இரவு பதினொன்றரைக்கு ஒரு ஜீப் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு அந்தத் தடத்தில் பின்னோக்கி வந்தபோது நான் ஓடிப்போய் கத்தினேன். உள்ளே ஆள் தூங்குகிறார்கள் என்று அந்த டிரைவருக்குத் தெரியவே தெரியாது. ஆல்டமான்டை நான் நினைத்தது அப்போதுதான்.

கழிப்பறை விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. ஆண்களுக்கு அது அவ்வளவாக உறைக்காது. பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் பெண்கள் தனிக் குழுக்களாக வந்திருந்தார்கள், நன்றாக ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கென்று ஒதுக்கிய கழிப்பறைகளில் தண்ணீரும் இல்லை, உள்பக்கத் தாழ்ப்பாளும் இல்லை, போகிற வழியில் வெளிச்சமும் இல்லை. இருட்டுவதற்குள் அநேகமாக எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். பேரிடர் நிவாரண முகாம்களுக்கான ஸ்பியர் கையேட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்று இருக்கிறது. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கான அளவு அது. 2,500 ரூபாய் வாங்கியவர்கள் அந்த அளவுக்கு அருகில்கூட வரவில்லை.

இவ்வளவையும் சொன்னபிறகு இதையும் சொல்ல வேண்டும். கறுப்பு டீ ஷர்ட் போட்டு ஓடிக்கொண்டிருந்த தொண்டர்கள் கல்லூரிப் பையன்கள். அவர்களுக்கே ராத்திரி சாப்பாடு கிடைக்கவில்லை. எல்லோருடைய கோபத்தையும் வாங்கிக்கொண்டது அவர்கள்தான், முடிவெடுத்தவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. சேற்றில் மாட்டிய வண்டிகளை இழுக்க டிராக்டர் கொண்டுவந்தவர் பக்கத்துக் கொல்லைக்காரர், காசு வேண்டாம் என்றுவிட்டார். தண்ணீர் தீர்ந்தபின் போர்வெல் மோட்டாரைப் போட்டுக் குடம் குடமாகப் பிடித்துக் கொடுத்தவர்களும் ஊர்க்காரர்கள். அந்த ஊரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிப் பேசியிருக்கிறார்களா என்று டீக்கடையில் விசாரித்தேன். இல்லை.

அப்புறம், அந்தப் பழைய வண்டிகள். சாயங்காலம் ஒரு யெஸ்டி ரோட்கிங்கும் இரண்டு ராஜ்தூத் 350-யும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. திருச்சிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர், எழுபது வயது இருக்கும், சிகரெட் பாக்கெட் தாளைப் பாயின்டுக்கு (ஸ்பார்க் வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனைகள்) நடுவே வைத்து இழுத்து இழுத்துப் பழைய புல்லட்டுக்கு டைமிங் பிடித்துக் காட்டினார். சுற்றி முப்பது பையன்கள் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். கிக்கரை ஒரே மிதி, வண்டி பிடித்துக்கொண்டது. அவர்கள் போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால் இந்த மாதிரி விழா நம் ஊரில் வேண்டும் என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். வேண்டும் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

உங்கள் கிளப் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. நம் ஊருக்கு இது புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் நடத்தி, அதைப் பார்க்க வந்த பெருங்கூட்டத்தையும் சமாளித்தார்கள். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகவே தடம் அமைத்தார்கள். இன்றைக்கும் தடத்தில் ஆம்புலன்ஸ் தயாராக நிற்காமல் பந்தயத்தைத் தொடங்க மாட்டார்கள். கொடி காட்டும் மார்ஷல்கள் பலர் வேறு வேலையில் இருந்துகொண்டு வார இறுதியில் வந்து வெயிலில் நிற்கிறவர்கள். அந்த அனுபவம் சில மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும்போது, நமக்குத் தெரியாது, இப்போதுதான் கற்கிறோம் என்பதை எப்படி ஒத்துக்கொள்வது?

சின்னதாகத் தொடங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அமெரிக்காவின் ஸ்டர்ஜிஸ் விழாவுக்கு இன்று லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். ஊரின் மக்கள்தொகையோ ஏழாயிரம்தான். 1938-இல் ஜாக்பைன் ஜிப்ஸீஸ் என்ற உள்ளூர் கிளப் அதைத் தொடங்கியபோது பந்தயத்தில் ஓட்டியவர்கள் ஒன்பது பேர், பார்க்க ஒரு சிறு கூட்டம். கிருஷ்ணகிரியிலும் முதல் வருஷம் இருநூறு டிக்கெட்டோடு நிறுத்தியிருந்தால் அந்தப் பையன்களே அழகாகச் சமாளித்திருப்பார்கள். இடத்தைப் பார்க்காமல் டிக்கெட்டை விற்றுக்கொண்டே போனதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

பணத்தை விடாதீர்கள். டிக்கெட், விளம்பரப் படம், இடம் மாறிய வாட்ஸ்அப் செய்தி, நீங்கள் எழுதியது, அவர்கள் அனுப்பிய பதில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கிற சேலத்திலேயே மனு போடலாம், கிருஷ்ணகிரிக்கு அலைய வேண்டாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷ அவகாசம் உண்டு. ஸ்டன்ட் ஷோவைக் கடைசியில் எழுதுங்கள். கூடாரம் தருவதாகச் சொல்லித் தரவில்லை, அதனால் நள்ளிரவில் ஓட்ட வேண்டி வந்தது என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். தம்பியின் வண்டியில் லீவரை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள், ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் நேராக இருக்கிறதா என்று ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்த வருஷம் போகலாமா என்று கேட்டீர்கள். டிக்கெட் வாங்கும் முன் அவர்களிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்: இடத்துக்கு ஒப்பந்தம் போட்டாயிற்றா, மொத்தம் எத்தனை டிக்கெட், கூடாரம் வண்டித் தடத்திலிருந்து எவ்வளவு தள்ளி, ஆம்புலன்ஸ் விடியும்வரை நிற்குமா, இரவில் கிளம்புகிறவர்களை வாசலில் நிறுத்திப் பேச யார் இருப்பார்கள், பெண்களுக்கான ஏற்பாடு என்ன. இதே கேள்விகளை நான் நேற்றே அவர்களுக்கு அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன். ஒழுங்கான பதிலாக இருந்தால் நானும் டிக்கெட் எடுப்பேன், அங்கே சந்திப்போம். பதிலே வரவில்லை என்றால் நீங்களும் தம்பியும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அன்புடன்