தொழில் மேடை: வேலை 3 மணி நேரம், காத்திருப்பு 5 நாள்

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் ஜாப் ஒர்க் எடுத்துப் பவுடர் கோட்டிங் (உலோகத்தின்மீது வண்ணப் பொடி தூவி ஓவனில் சுட்டுப் படியவைப்பது) செய்யும் சிறிய பட்டறை நடத்துகிறேன். நாளுக்குச் சராசரியாக 12 லாட் (ஒன்றாக வரும் பொருள்களின் தொகுதி) வருகிறது. ஒரு லாட்டுக்கு 3 மணி நேர வேலைதான்; ஆனாலும் டெலிவரிக்கு 5 நாளாகிறது. இன்னொரு ஓவன் போடலாமா என்று யோசிக்கிறேன். பட்டறையைக் கணினியில் பாவனையாக ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் மென்பொருள் வாங்கினால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார் ஒரு விற்பனையாளர். எதைச் செய்வது?
(வாசகர், பீன்யா)

பதில்: இரண்டையும் சற்று நிறுத்தி வையுங்கள். இன்று மாலை பட்டறையை மூடும்முன், கழுவும் தொட்டிக்குப் போகக் காத்திருப்பது முதல் பேக்கிங் முடிந்து வண்டிக்காகக் கிடப்பது வரை, உள்ளே இருக்கும் லாட்டுகளை எண்ணிப் பாருங்கள். பல நாள் எண்ணியும் 60ஐ ஒட்டியே வந்தால் நீங்கள் சொல்லும் 5 நாள் சரி. நாளுக்கு வரும் எண்ணிக்கையை, ஒவ்வொன்றும் தங்கும் நாட்களால் பெருக்கினால் உள்ளே இருப்பவற்றின் சராசரி கிடைக்கும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இது. இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம்.

நாளுக்கு 9 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 5 நாள் என்பது 45 மணி. அதில் 3 மணி வேலை. மீதி 42 மணி அந்த லாட் எங்கேயோ சும்மா கிடக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு கட்டத்திலும் லாட் வந்த நேரம், வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகிய மூன்றையும் ஒரு மாதம் எழுதி வையுங்கள். சீட்டைப் பொருளிலேயே கட்டித் தொங்கவிட்டால் அது தொட்டியில் நனையும், தப்பினால் ஓவனில் கருகும். ஆகவே அந்தச் சீட்டை, அதாவது ஜாப் கார்டை, டிராலியோடு சேர்த்து வையுங்கள். இது கூலியைக் குறைப்பதற்கான கணக்கு அல்ல என்பதை ஆட்களிடம் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் கடிகாரத்தோடு நிற்கும் நாளில் மட்டும் வேலை வேறு வேகத்தில் நடக்கும்.

ஓவன்மீது எனக்கு அவ்வளவு சந்தேகமில்லை. பல பவுடர்களுக்கு, உலோகம் 200 டிகிரியை எட்டிய பிறகு 10 நிமிடம் வேக வேண்டும். அதை யாராலும் குறைக்க முடியாது, அதில் பெரிய ஏற்ற இறக்கமும் இல்லை. என் சந்தேகமெல்லாம் பவுடர் தூவும் ஸ்ப்ரே பூத்தின்மீது. நிறம் மாறும்போதெல்லாம் பூத்தையும் ஸ்ப்ரே துப்பாக்கியையும் துடைத்தாக வேண்டும். வெள்ளைக்குப் பிறகு கறுப்பு என்றால் சீக்கிரம் முடியும், கறுப்புக்குப் பிறகு வெள்ளை என்றால் ஒரு தூசுகூட மிஞ்சக் கூடாது. துடைப்பதையும் சேர்த்து லாட்டுக்குச் சராசரி 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 9 மணி நேரத்தில் 12 லாட் என்றால் 45 நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. 5 நிமிடம் மிச்சமிருக்கிறதே, போதாதா என்று தோன்றும். போதாது. வருகையும் வேலை நேரமும் ஒழுங்கின்றி ஏறி இறங்கும் இடத்தில், ஒரே பூத்துக்கான எளிய வரிசைச் சூத்திரத்தின்படி, ஒரு லாட் வேலை தொடங்குவதற்கு முன்பே சராசரியாக 320 நிமிடம் நிற்கும். நிறங்களை வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்கு என்று வரிசைப்படுத்தி 40 நிமிடத்தை 36 ஆக்கிவிட்டால், அதே காத்திருப்பு 144 நிமிடமாக இறங்கும். 4 நிமிடத்தைக் குறைத்ததற்கு ஏறத்தாழ 3 மணி நேரம் பலன்.

ஆனால் நிறம் சேரட்டும் என்று காத்திருந்தால், நீல நிற லாட் ஒன்று மற்ற நீலங்கள் வரும்வரை மூலையில் கிடக்கும். எவ்வளவு சேர்த்தால் இலாபம், எங்கே அது நட்டமாகத் திரும்புகிறது என்பதைச் சூத்திரம் சொல்லாது. சிமுலேஷன் தேவைப்படும் இடம் அதுதான். முதல் முறை காகிதத்திலேயே செய்யலாம். ஜாப் கார்டில் எழுதிய நேரங்களைச் சீட்டுகளில் எழுதி, குடவோலை போல ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொரு லாட்டுக்கும் ஒன்றை எடுத்து வேலை முடியும் நேரத்தை எழுதிக்கொண்டே போங்கள். கணினியும் இதைத்தான் வேகமாகச் செய்கிறது. நோயிலிருந்து தேறி வரும் நாட்களில் சீட்டாடிக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாவ் உலாமுக்கு 1946இல் தோன்றிய மான்டி கார்லோ முறையின் அடிப்படையும் இதுவே.

பிறகு எக்செல்லுக்கோ, கட்டணமில்லாத சிம்பை, ஜாம்சிம் போன்ற சிமுலேஷன் கருவிகளுக்கோ போகலாம். கணினியில் நீங்கள் அமைக்கும் மாதிரி காலியாகத் தொடங்கும்; உண்மைப் பட்டறை திங்கட்கிழமை காலையில் அப்படித் தொடங்குவதில்லை என்பதால் ஒவ்வொரு ஓட்டத்தின் முதல் சில நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே ஓட்டத்தை நம்பாமல் பலமுறை ஓட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், போன மாதம் வந்த லாட்டுகளின் விவரத்தைக் கொடுத்து அந்த மாதிரி 5 நாள் என்று சொல்கிறதா பாருங்கள். 2 நாள் என்று சொன்னால், நீங்கள் எழுதாமல் விட்டது ஏதோ இருக்கிறது: பவுடர் தீர்ந்து போனது, நிற ஒப்புதலுக்கு வாடிக்கையாளர் பதில் தராதது, மின்வெட்டு. சொல்லப்போனால், 42 மணியில் பூத்தின் கணக்கு 5 மணி 20 நிமிடம்தான். மிச்சம் இப்படிப்பட்ட இடங்களில்தான் ஒளிந்திருக்கும். கணினி மாதிரி உண்மையோடு ஒத்துப்போன பிறகு இரண்டாவது ஓவனை அதில் சேர்த்துப் பாருங்கள். நாட்கள் குறையாவிட்டால் ஓவனுக்கான பணம் மிச்சம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 'ப்ராசஸ் மைனிங்' என்கிறார்கள். சிமுலேஷனும் அதுவும் ஒன்றா?
(வாசகி, ஒயிட்ஃபீல்டு)

பதில்: இல்லை. கணினிப் பதிவுகளில் உள்ள கோப்பு எண், செயல், நேரம் ஆகியவற்றைக் கோத்து, வேலை உண்மையில் எந்த வழியாகப் போனது என்று காட்டுவது ப்ராசஸ் மைனிங். நெதர்லாந்தைச் சேர்ந்த வில் வான் டெர் ஆல்ஸ்ட் இத்துறையின் முன்னோடி. இப்படி மாற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்பது சிமுலேஷன். முன்னதன் விளைவைப் பின்னதற்குக் கொடுப்பது நல்ல வழி. ஆனால் பதிவில் இருப்பது பொத்தானை அழுத்திய நேரம் மட்டுமே. காலையில் படித்து முடித்த 30 கோப்புகளுக்கும் ஒரு மேலாளர் மாலை 5 மணிக்கு மொத்தமாக ஒப்புதல் கொடுத்தால், அவர் நாளெல்லாம் சும்மா இருந்து 2 நிமிடத்தில் 30 கோப்புகளை முடித்தார் என்றே பதிவு சொல்லும். அந்த 2 நிமிடத்தை அப்படியே மாதிரியில் போடுவதற்கு முன், அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.