விழுந்த மகளை மறுபடி ஓட விடலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 100 மீட்டர் ஹர்டில்ஸில் (தடை தாண்டும் ஓட்டம்) மாவட்ட அளவில் முதலிடம் வந்தவள். பயிற்சியின்போது தடையில் கால் தட்டி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. இப்போது கட்டுப் பிரித்தாயிற்று. உடனே ஓடப்போக வேண்டும் என்கிறாள். என் மாமியார், 'பொம்பளைப் பிள்ளைக்கு இது தேவையா?' என்கிறார். எனக்கும் பயம்தான். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: பிள்ளை வலியில் துடித்ததைப் பார்த்த அம்மாவுக்குப் பயம் வராமல் எப்படி? ஆனாலும் ஓட விடுங்கள் சகோதரி. 'உடனே' என்பது மட்டும் வேண்டாம்.

ஆஸ்திரேலியாவின் ஹர்டில்ஸ் வீராங்கனை சாலி பியர்சனைப் பற்றி உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். அவரை அம்மாதான் தனியாக, இரண்டு வேலை பார்த்து வளர்த்தார். 2011-ல் தென்கொரியாவின் தேகுவில் 12.28 வினாடியில் ஓடி உலக சாம்பியன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 12.35 வினாடியில் தங்கம். இரண்டாவதாக வந்தவர் வெறும் 0.02 வினாடிதான் பின்தங்கினார். அப்படிப்பட்டவரே 2015-ல் ரோமில் தடையில் இடறி விழுந்தார். கை எலும்பு நொறுங்கிப்போனது. அந்த வருடத்து உலகப் போட்டி கைவிட்டுப் போயிற்று. அடுத்த வருடம் தொடைத் தசை கிழிந்ததில் ரியோ ஒலிம்பிக்கும் போயிற்று. பிறகு தன் பயிற்சியைத் தானே வகுத்துக்கொண்டு, 2017-ல் அதே லண்டன் மைதானத்தில் 12.59 வினாடியில் மறுபடி உலக சாம்பியன் ஆனார். விழுந்ததற்கும் இந்தத் தங்கத்துக்கும் நடுவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. உங்கள் மகளுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எலும்பு மருத்துவர் சரி என்று சொன்ன பிறகும் முதலில் தடையில்லாத ஓட்டம்தான். அப்புறம் உயரம் குறைந்த தடைகள், அதுவும் நெருக்கி வைத்து. தடைக்குத் தடை 8.5 மீட்டரை மூன்றே எட்டு வைத்துக் கடக்க வேண்டிய ஓட்டம் இது. விழுந்த பிள்ளைக்குத் தடை நெருங்கும்போது எட்டு தானாகச் சுருங்கும். தாண்டி ஓடுவதற்குப் பதில் எம்பிக் குதிப்பாள். மறுபடி கால் தட்டுவது அப்போதுதான். அந்தப் பயம் போகும்வரை கோச் உயரத்தை ஏற்றக் கூடாது.

ஒருநாள் நீங்களே மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். தடையின் அடிக்கால்கள் ஓடி வருபவர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் கால் பட்டதும் தடை முன்னால் சாயும். திருப்பி வைத்த தடை சாயாது, ஆளைத்தான் சாய்க்கும். அசையாதபடி வெல்டிங் செய்த இரும்புத் தடை என்றால், வேறு தடை வரும்வரை அங்கே ஓட வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

மாமியாரையும் ஒருமுறை அழைத்துப் போங்கள். பேத்தி ஓடி அவர் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.