டெங்கு குணமாகி மூன்று மாதம் கழித்து முடி ஏன் கொட்டுகிறது?

கேள்வி: எனக்கு வயது 27. ஐப்பசியில் டெங்கு வந்து ஐந்து நாள் 103 டிகிரி வரை காய்ச்சல் அடித்தது. அப்போது முடிக்கு ஒன்றும் ஆகவில்லை. தை பிறந்ததிலிருந்து கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. தலைக்குக் குளித்தால் குளியலறை ஜல்லடையே அடைத்துக்கொள்கிறது. இடையில் வீடு மாறியதால் போர் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்து ஷாம்பூவை மாற்றினேன். பயோட்டின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்கிறார் அம்மா. வழுக்கை ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மருத்துவர் பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வழுக்கை ஆகாது. போர் தண்ணீரையும் விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகி நடுவில் உடையலாம். வேரோடு கழன்று வராது. இன்று உங்கள் சீப்பில் வரும் முடி, உதிர்வதென்று ஐப்பசியிலேயே முடிவாகிவிட்ட முடி.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தனித்தனிக் கணக்கு: இரண்டு முதல் ஆறு ஆண்டு வளரும், இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கும், பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வெடுக்கும். ஓய்வு முடிந்ததும் அடியில் புது முடி கிளம்ப, பழையது கழன்றுவிடும். சாதாரணமாக நூற்றுக்குப் பத்து முடி ஓய்வில் இருக்கும். அதாவது 10,000 முடி, நூறு நாளில் உதிர வேண்டும்; நாளுக்கு நூறு. இது யாருக்கும் நடப்பதுதான்.

வளரும் முடியின் அடியில் உள்ள செல்கள் உடலில் மிக வேகமாகப் பெருகும் செல்களில் ஒரு வகை. கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி டயட் எது வந்தாலும் உடல் முதலில் கைவிடுவது இந்த வேலையைத்தான். வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். பத்துக்குப் பதில் முப்பது சதவீதம் போனால், அதே நூறு நாளில் 30,000 முடி உதிரும், நாளுக்கு 300. மூன்று மாதத் தாமதத்துக்குக் காரணம் இந்த ஓய்வுக் காலம். 1961இல் ஆல்பர்ட் கிளிக்மேன் என்ற தோல் மருத்துவர் இதை விவரித்து ‘டீலோஜென் எஃப்ளூவியம்’ என்று பெயரிட்டார். மயிர்க்கால் சாவதில்லை என்பதுதான் இதில் முக்கியம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தலைக்குக் குளித்த மறுநாள், ஐம்பது அறுபது முடியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, அடியிலிருந்து நுனி வரை மெதுவாக இழுங்கள். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு இன்னும் மும்முரமாக இருக்கிறது. வந்த முடியைக் கறுப்புத் துணியில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத வெள்ளைக் குமிழ் தெரியும். ‘வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது’ என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். அது வேர் இல்லை. ஓய்வு முடிந்த முடியின் காய்ந்த அடி. வேர் தலைக்குள்ளேயே இருக்கிறது. பிறகு நெற்றி ஓரத்தில் வெள்ளைக் காகிதத்தை வைத்துக் குட்டை முடிகளைப் பாருங்கள். நுனி கூராக இருந்தால் புதிதாக முளைத்தது, மொட்டையாக இருந்தால் நடுவில் உடைந்தது.

இப்போது செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கானது). காய்ச்சலின்போது எடுத்த ஃபெரிட்டின் அறிக்கை இருந்தால் அதை நம்ப வேண்டாம். டெங்குவில் ஃபெரிட்டின் தாறுமாறாக ஏறும். இரும்புச்சத்து குறைவாக இருப்பவருக்கும் நிறைய இருப்பதுபோல் காட்டும். பயோட்டினைப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். உடலுக்கு நாளொன்றுக்குத் தேவை 30 முதல் 40 மைக்ரோகிராம். கடை மாத்திரையில் பெரும்பாலும் 10,000 இருக்கிறது. அந்த அளவு பயோட்டின் சில ஆய்வகக் கருவிகளைக் குழப்பி, இல்லாத தைராய்டு நோயை இருப்பதாகக் காட்டிவிடும். பயோட்டின் குறைபாடே அரிது என்பதால், மறுபடி தொடங்கவும் நான் சொல்ல மாட்டேன்.

ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் கேட்டு இரும்பு மாத்திரை எடுக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி, பால் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். காய்ச்சலுக்குப் பிறகும் கஞ்சியும் ரசம் சாதமுமாகவே ஓட்டுகிறீர்கள் என்றால் அதை மாற்றுங்கள். 50 கிலோ எடைக்கு நாளுக்கு 50 கிராம் புரதமாவது வேண்டும். இரண்டு முட்டையில் வருவது 12 கிராம்தான். மீதியைப் பருப்பு, சுண்டல், தயிர், மீனில் தேட வேண்டும்.

முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்து இப்போது தேவையில்லை. அது போட்ட முதல் சில வாரங்களில் உதிர்வு கூடும், நிறுத்தினாலும் சில மாதத்தில் உதிரும். தானே சரியாகும் ஒன்றுக்கு ஏன் அந்த வம்பு? சின்ன வெங்காயச் சாறு சிலருக்குத் தலையைப் புண்ணாக்கும். எண்ணெய் முடியை வழவழப்பாக்கும், அவ்வளவுதான். இந்த உதிர்வு பொதுவாக ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும். நான்காவது மாதம் எந்த எண்ணெயை வாங்கியிருந்தாலும் பேர் அந்த எண்ணெய்க்குப் போய்விடுகிறது! மொட்டையும் அப்படித்தான். வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் தடவினால் கரடுமுரடாகத் தெரியும். தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலுக்குக் கத்தி பட்டதே தெரியாது.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே உதிர்வு நின்ற பிறகும் ஜடை மெலிதாகத்தான் இருக்கும். புது முடி தோள் வரை எட்ட இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

ஆடி வந்தும் குறையவில்லை என்றால் நேரில் காட்டுங்கள். வகிடு மட்டும் அகன்றுகொண்டே போய்ப் பின்தலை அடர்த்தியாகவே இருந்தால் அது பரம்பரை வகை; காய்ச்சல் அதை வெளியே கொண்டுவந்திருக்கலாம், அதற்குத்தான் மினாக்சிடில். மாதவிலக்கு தள்ளிப்போய் முகவாயில் முடி முளைத்தாலும் சொல்லுங்கள். காசு அளவுக்கு வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு; புழு ஏதும் இல்லை, நம் எதிர்ப்பு சக்தியே மயிர்க்காலைத் தாக்குவது. தலையில் எரிச்சல், வலி, செதில், அல்லது துளையே தெரியாமல் பளபளக்கும் இடம் இருந்தால் ஆடி வரை காத்திருக்கக் கூடாது; தழும்பு விழுந்த இடத்தில் முடி திரும்ப வராது. வரும்போது மாத்திரை அட்டைகளை எடுத்து வாருங்கள், தலையில் எண்ணெய் வைக்காமல் வாருங்கள்.